சீதையின் கேள்வியும் சீதம்மாவின் விடையும்

(செவ்விய சிறுகதைகளில் திருமணமும் பெண் விடுதலையும் என்னும் பொருளில், குப்பத்தில் தமிழ் பேசும் கட்சி உறுப்பினர்களிடையே ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்.)

ஆந்திரம், தமிழகம், கர்நாடகம் ஆகிய மூன்று மாநிலங்களும் நெருங்கி வரும் இடத்தில் குப்பம் அமைந்துள்ளது. இங்குள்ள பல வீடுகளில் அடுப்படியில் ஒரு மொழியும் சந்தையில் மற்றொரு மொழியும் வழங்குகின்றன. நாட்றாம்பள்ளியிலிருந்து இங்கே மருமகளாக வருகிறாள் ஒருத்தி. இங்கிருந்து கோலாருக்கு மருமகளாகப் போகிறாள் இன்னொருத்தி. மாநில எல்லையைக் கடந்து மொழியை மாற்றிக்கொள்வது எப்போதும் பெண்தான். திராவிட மொழிகளுக்கென 1997இல் ஒரு பல்கலைக்கழகம் இந்த ஊரில் நிறுவப்பட்டது தற்செயலன்று. இத்தகைய ஊரில் திருமணத்தைப் பற்றிய கதைகளைப் பேசும்போது தமிழ்க் கதைகளை மட்டும் பேசி நிறுத்திவிட முடியாது. தெலுங்குக் கதைகளையும் அவற்றின் அருகில் வைத்துப் பார்க்க வேண்டும்.

கட்சிக் கூட்டத்தில் கதை எதற்கு என்ற வினா எழக்கூடும். குடும்பம், தனிச்சொத்து, அரசு ஆகியவற்றின் தோற்றம் குறித்து எங்கெல்ஸ் எழுதிய நூல் 1884இல் வெளிவந்தது. ஒருதார மணம் காதலின் கனியாக அன்றி, சொத்துக்கு வாரிசைத் தேடும் ஏற்பாடாகவே வரலாற்றில் நுழைந்தது என்று அந்நூல் நிறுவியது. கட்சி வகுப்புகளில் இது தவறாமல் கற்பிக்கப்படுகிறது. ஆனால் அந்த ஏற்பாட்டுக்குள் வாழ்ந்த பெண் இரவில் எதை எண்ணிக்கொண்டு படுத்திருந்தாள் என்பதை எந்தக் கோட்பாட்டு நூலும் சொல்வதில்லை. அதைச் சொன்னவை சிறுகதைகளே. தீர்மானங்கள் தொடாத இடங்களை அவை தொட்டிருக்கின்றன. அந்த இடங்களில்தான் ஒரு தோழரின் கொள்கையும் அவரது குடும்ப வாழ்வும் உரசிக்கொள்கின்றன.

கட்டிலடியில் ஒரு சிரிப்பு, குளத்தடியில் ஒரு மௌனம்

தெலுங்கின் நவீனச் சிறுகதை திருமணத்திலிருந்தே தொடங்குகிறது. பண்டாரு அச்சமாம்பா 1902இல் எழுதிய கதைகளை முதன்மையாகக் கருதுவோர் உண்டு. அவற்றுள் ஒன்றின் தலைப்பே 'ஸ்திரீ வித்யா', அதாவது பெண் கல்வி. பெரும்பாலோர் முதல் கதையாக ஏற்பது குரஜாட அப்பாராவ் 1910இல் எழுதிய 'தித்துபாட்டு' என்னும் கதையை. திருத்தம் என்பது இத்தலைப்பின் பொருள். 1881 டிசம்பர் 11 அன்று ராஜமுந்திரியில் கந்துகூரி வீரேசலிங்கம் முதல் கைம்பெண் மறுமணத்தை நடத்திவைத்த பின்னர், ஆந்திரத்தில் எழுந்த சீர்திருத்த அலையின் தொடர்ச்சி குரஜாட. கிழவர்களுக்குச் சிறுமிகளை விலைபேசி மணமுடிக்கும் கொடுமையைத் தாக்கி அவர் எழுதிய 'கன்யாசுல்கம்' நாடகம் 1892இல் மேடையேறி, 1897இல் அச்சேறியது.

'தித்துபாட்டு' கதையில் படித்த இளைஞன் கோபாலராவ் நள்ளிரவு கடந்து வீடு திரும்புகிறான். சபை வேலைகளால் தாமதம் என்று மனைவி கமலினியிடம் சொல்லி வந்தவன், உண்மையில் ஆடல் மகளிரின் கச்சேரிகளில் பொழுதைக் கழித்து வந்தான். அன்று கட்டில் காலியாக இருக்கிறது. மேசைமீது ஒரு கடிதம் கிடக்கிறது. அவன் சொன்ன பொய் அவளுக்குத் தெரிந்துவிட்டது என்பதையும், அவள் பிறந்தகம் போவதையும் கடிதம் தெரிவிக்கிறது. அவன் பதறுகிறான், வேலைக்காரன்மீது பாய்கிறான், பிறகு மனம் வருந்துகிறான். அப்போது கட்டிலுக்கடியிலிருந்து வளையொலியும் சிரிப்பும் எழுகின்றன. கமலினி எங்கும் போகவில்லை.

தமிழில் முதல் நவீனச் சிறுகதை என்று நெடுங்காலம் போற்றப்பட்ட வ.வே.சு. ஐயரின் 'குளத்தங்கரை அரசமரம்' 1915இல் வெளிவந்தது. அதுவும் ஒரு திருமணத்தின் கதையே. ருக்மிணியின் தந்தை காமேசுவரையர் செல்வர். அவர் பணம் போட்டு வைத்திருந்த அர்பத்நாட் வங்கி முறிகிறது. அவ்வங்கி 1906இல் சென்னையில் உண்மையாகவே திவாலானது. ஆயிரக்கணக்கான குடும்பங்களின் சேமிப்பு அதனுடன் அழிந்தது. வங்கி முறிந்த கணத்தில் ருக்மிணியின் மதிப்பும் முறிகிறது. மருமகளாக அழைத்துக்கொள்ள வேண்டிய வீடு, மகனுக்கு வேறொரு செல்வர் வீட்டில் பெண் பார்க்கிறது. கணவன் நாகராஜன் மனைவியைக் கைவிட எண்ணவில்லை. கடைசி நேரத்தில் மறுத்துவிடலாம் என்ற எண்ணத்தை மனத்துக்குள் வைத்திருக்கிறான். நண்பனிடம் சொல்கிறான், ருக்மிணியிடம் சொல்லவில்லை. அவள் குளத்தில் இறங்கி உயிரை விடுகிறாள். அவன் துறவியாகிறான்.

இவ்விரு கதைகளையும் அடுத்தடுத்து வைத்துப் படித்தால் ஒன்று துலங்கும். கமலினிக்கு எழுதத் தெரியும். ஒரு கடிதத்தால் கணவனைத் திருத்துகிறாள். ருக்மிணிக்குக் கிடைத்தது மௌனம் மட்டுமே. கோபாலராவ் பொய்யன், நாகராஜன் நல்லவன். எனினும் பொய்யனின் மனைவி பிழைத்தாள், நல்லவனின் மனைவி மாண்டாள். கணவனின் நல்லெண்ணத்தை நம்பியிருக்கும் வாழ்வு எவ்வளவு மெல்லிய நூலில் தொங்குகிறது என்பதை ஐயர் அறிந்தோ அறியாமலோ காட்டிவிட்டார். ஒரு நிதி நிறுவனத்தின் வீழ்ச்சி தாலிக்கயிற்றை அறுத்துவிடும் என்றால், அந்தக் கயிறு எதனால் திரிக்கப்பட்டது என்பது சொல்லாமலே விளங்கும்.

குரஜாடவின் கதைக்கும் எல்லை உண்டு. கமலினிக்கு எழுத்தறிவு கணவன் அளித்த கொடை. அவள் பெற்ற வெற்றி, கணவன் வீட்டுக்குத் திரும்பியதுதான். அவளுக்கென ஒரு வழி திறக்கவில்லை. அந்தக் கச்சேரிகளில் ஆடிப் பிழைத்த பெண்களின் வாழ்வு கதைக்கு வெளியிலேயே நின்றுவிடுகிறது. சீர்திருத்த காலத்தின் பெருமையும் குறையும் இந்த ஒரே கதையில் அடங்கியிருக்கின்றன.

வெளியேறிய பின் என்ன?

குரஜாடவின் கதை வந்து நான்கு ஆண்டுகளில், 1914இல், வங்காளத்திலிருந்து மற்றொரு கடிதம் வந்தது. தாகூரின் 'ஸ்திரீர் பத்ர', மனைவி எழுதிய மடல். பதினைந்து ஆண்டு மணவாழ்வுக்குப் பின் மிருணாள் பூரியிலிருந்து கணவனுக்கு எழுதுகிறாள். அந்த வீட்டில் அண்டி வாழ்ந்த பிந்து என்னும் ஆதரவற்ற பெண்ணைப் பித்துப் பிடித்த ஒருவனுக்குக் கட்டிவைத்தார்கள். ஓடிவந்தவளைத் திருப்பி அனுப்பினார்கள். அவள் தன்னைத் தீயிட்டுக்கொண்டு இறந்தாள். மிருணாளைக் கணவன் அடிக்கவில்லை, பட்டினி போடவும் இல்லை. இன்னொரு பெண்ணுக்கு நேர்ந்ததைக் கண்டு தன் நிலையை உணர்ந்துகொண்டாள் என்பதே இக்கதையின் சிறப்பு. கமலினி கட்டிலடியில் ஒளிந்தாள். மிருணாள் உண்மையாகவே வெளியேறினாள்.

வெளியேறியவள் எங்கே உறங்குவாள், எதை உண்பாள்? இந்த வினாவை நேராகக் கேட்டவர் சீன எழுத்தாளர் லூ சுன். இப்சனின் 'பொம்மை வீடு' நாடகத்தில் (1879) நோரா கதவைச் சாத்திவிட்டுப் போகிறாள், திரை விழுகிறது. 1923 டிசம்பரில் பெய்ஜிங் மகளிர் கல்லூரியில் உரையாற்றிய லூ சுன், திரை விழுந்த பின் நோராவுக்கு என்ன நேரும் என்பதையே பொருளாகக் கொண்டார். கையில் பணமில்லாத பெண்ணுக்குக் கனவு மட்டும் போதாது, பொருளாதார உரிமை வேண்டும் என்று மாணவியரிடம் எடுத்துரைத்தார். 1925இல் அதையே கதையாகவும் எழுதினார். குடும்பத்தை எதிர்த்துக் காதலனுடன் வாழ வந்த பெண், அவனுக்கு வேலை போனதும் சுமையாகிறாள். அன்பு இல்லை என்று அவன் சொல்லிவிடுகிறான். தந்தை வீட்டுக்குத் திரும்பி அவள் இறக்கிறாள். முற்போக்கு வசனம் பேசிய இளைஞன் குற்றவுணர்வுடன் எஞ்சுகிறான்.

இதற்கு மறுபக்கத்தைத் தமிழில் புதுமைப்பித்தன் 1934இல் 'பொன்னகர'த்தில் காட்டினார். அம்மாளு ஆலைக் கூலி. குதிரை வண்டி ஓட்டும் கணவன் முருகேசன் விபத்தில் அடிபட்டுக் கிடக்கிறான். அவனுக்குக் கஞ்சி வார்ப்பதற்காக அவள் ஒரு சந்தின் இருளில் ஒருவனுடன் ஒதுங்கி முக்கால் ரூபாய் ஈட்டுகிறாள். கணவன்மேல் உள்ள அன்பைக் காப்பாற்றவே அவள் ஊரார் கற்பு என்று சொல்வதை விற்க நேர்கிறது. கற்பைப் பற்றிப் பெருமை பேசுவோர் முகத்தில் அறைவதுபோல் ஆசிரியர் கதையை முடிக்கிறார். அம்மாளுவுக்கு வேலை இருந்தது, கூலியும் இருந்தது. அந்தக் கூலி ஒரு நோயாளிக்குக் கஞ்சி வார்க்கவும் போதாமல் இருந்தது. ஆகவே வேலைக்குப் போவதே விடுதலை என்று எளிதாகச் சொல்லிவிட முடியாது. எந்தக் கூலிக்கு, எந்தப் பாதுகாப்புடன் என்ற வினாக்கள் பின்தொடர்கின்றன. குப்பத்திலிருந்து விடியலில் ரயிலேறி பெங்களூருவுக்கு வேலைக்குச் செல்லும் பெண்களுக்கு இது விளக்கம் தேவைப்படாத செய்தி.

விடியல் யாருக்கு?

கு.ப. ராஜகோபாலன் 1902 முதல் 1944 வரை வாழ்ந்தவர். உரத்துப் பேசாத எழுத்தாளர். அவரது 'விடியுமா?' கதையில், கணவன் கவலைக்கிடமாக இருக்கிறான் என்ற தந்தி வருகிறது. குஞ்சம்மாளும் அவள் உடன்பிறந்தவனும் இரவு ரயிலில் கும்பகோணத்திலிருந்து சென்னைக்குப் போகிறார்கள். இரவு முழுவதும் அச்சம். அம்மணவாழ்வு இன்பமாக இருக்கவில்லை என்பது பேச்சின் இடைவெளிகளில் கசிகிறது. சென்னையில் இறப்பு உறுதியாகிறது. பொழுதும் விடிகிறது. அழுகை எதிர்பார்க்கப்பட்ட முகத்தில் ஒரு தெளிவு தென்படுகிறது. அதற்கு அவர் பெயர் சூட்டவில்லை. படிப்பவர் நெஞ்சில் அது பெயர் பெறுகிறது.

அமெரிக்க எழுத்தாளர் கேட் சோப்பின் 1894இல் எழுதிய சிறு கதையிலும் இதே அமைப்பு உண்டு. ரயில் விபத்தில் கணவன் இறந்தான் என்று கேட்ட பெண் தனியறையில் தன் விடுதலையை முதன்முறையாக உணர்கிறாள். சிறிது நேரத்தில் கணவன் உயிருடன் வாசலில் நிற்கிறான். அவள் இதயம் நின்றுவிடுகிறது. மகிழ்ச்சி தாங்காமல் இறந்தாள் என்கிறார்கள் மருத்துவர்கள். அந்தக் கணவன் கொடியவன் அல்லன் என்பதை அவளே அறிவாள். ஒருவரின் விருப்பம் மற்றவரின் விருப்பத்தை ஓயாமல் வளைத்துக்கொண்டிருக்கும் ஏற்பாட்டையே அவள் வெறுத்தாள்.

கணவனின் மரணத்தில் மட்டுமே மனைவிக்கு மூச்சுவிட இடம் கிடைக்கும் என்றால் அது அவளது குற்றமன்று. இக்கதைகளைப் படித்து முகம் சுளித்தவர்கள் அந்தக் காலத்திலும் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். அவர்கள் பெண்ணின் மனத்தை விசாரிக்கிறார்களே தவிர, அந்த மனத்தை அப்படி ஆக்கிய வீட்டை விசாரிப்பதில்லை.

கு.ப.ரா.வின் 'கனகாம்பரம்' தோழர்கள் தனியே படிக்க வேண்டிய கதை. மனைவி சாரதா புதுமைப் பெண்ணாக எல்லோரிடமும் கூச்சமின்றிப் பழக வேண்டும் என்று விரும்புபவன் ராமு. அவன் இல்லாத நேரத்தில் நண்பன் மணி வருகிறான். சாரதா அவனை உபசரித்துச் சாப்பிட்டுவிட்டுப் போகச் சொல்கிறாள். நண்பன் திகைத்து நழுவுகிறான். செய்தியறிந்த ராமுவின் முகம் கோணுகிறது. கணவன் கேட்டுக்கொண்டதைத்தான் மனைவி செய்தாள். மேடையில் தான் சொன்ன சொல் வீட்டுக்குள் நடந்து வரக் கண்டதும் அவனால் பொறுக்க முடியவில்லை. எழுதப்பட்டு எண்பது ஆண்டுகளைக் கடந்த பின்னும், அந்த முகக்கோணல் பல முற்போக்கு வீடுகளில் மறையவில்லை.

அகலிகை கேட்டதும் சீதை மறுத்ததும்

1943இல் வெளியான 'சாப விமோசனம்' புதுமைப்பித்தன் எழுதியவற்றுள் உச்சமானது. கல்லாயிருந்து உயிர்பெற்ற அகலிகை மீண்டும் கோதமருடன் வாழ முயல்கிறாள். ஊர் மறக்கவில்லை, அவளாலும் மறக்க முடியவில்லை. இராமன்மீது மட்டும் அவளுக்கு மாறாத நம்பிக்கை. பதினான்கு ஆண்டுகளுக்குப் பின் திரும்பிய சீதை, தீயில் இறங்கித் தன்னை மெய்ப்பித்த செய்தியைச் சொல்கிறாள். அவனா கேட்டான் என்று அகலிகை அதிர்கிறாள். தனக்கு மன்னிப்பு அளித்தவன் தன் மனைவியிடம் சான்று கேட்டிருக்கிறான். உலகுக்காக மெய்ப்பிக்க வேண்டியிருந்தது என்கிறாள் சீதை. உள்ளம் அறிந்தது போதாதா என்பது அகலிகையின் வாதம். அவள் மறுபடியும் கல்லாகிறாள்.

ஆணின் பெருந்தன்மையால் கிடைத்த விடுதலை, அந்தப் பெருந்தன்மை பொய்க்கும் நாளில் பறிபோகும் என்பதை இதைவிட வலுவாகச் சொன்ன தமிழ்க் கதை இல்லை. எனினும் இக்கதையில் அகலிகைக்குக் கிடைத்த ஒரே வழி கல்லாவதுதான். மறுப்பு இருந்தது, மாற்று இல்லை.

அதே இரு பெண்களைத் தெலுங்கு எழுத்தாளர் வோல்கா மீண்டும் சந்திக்க வைத்தார். இடதுசாரி இயக்கப் பின்புலத்திலிருந்து பெண்ணிய எழுத்துக்கு வந்தவர் அவர். 2015இல் சாகித்ய அகாடமி விருது பெற்ற 'விமுக்த' தொகுதியில் சூர்ப்பணகை, அகலிகை, ரேணுகை, ஊர்மிளை ஆகியோரைச் சீதை ஒவ்வொருவராகச் சந்திக்கிறாள். இங்கே அகலிகை கல்லாகவில்லை. அவள் சிந்திப்பவள், எந்த விசாரணைக்கும் தலைவணங்காதே, குற்றமற்றவள் என்று மெய்ப்பிக்கும் பொறுப்பை ஏற்காதே என்று சீதைக்கு அறிவுரைக்கிறாள். அப்போது சீதைக்கு அது விளங்கவில்லை. பிற்காலத்தில் அவைமுன் வந்து தூய்மையைச் சொல்லுமாறு அழைப்பு வந்தபோது விளங்குகிறது, அவள் மறுக்கிறாள். மூக்கறுக்கப்பட்ட சூர்ப்பணகை தோட்டம் வளர்த்து, தன் உழைப்பில் அழகைக் கண்டெடுத்து வாழ்கிறாள். ஒரு பெண் தன் அனுபவத்தை மற்றொரு பெண்ணுக்குக் கையளிப்பதுதான் விடுதலையின் தொடக்கம் என்று இத்தொகுதி காட்டுகிறது.

புதுமைப்பித்தனின் அகலிகை கேட்ட கேள்வியை வோல்காவின் சீதை செயலாக மாற்றினாள். இடையில் எழுபது ஆண்டுகள் கடந்தன. அந்த ஆண்டுகளில் சட்டமும் சிறிது சிறிதாக நகர்ந்தது. மனைவியைக் கணவனின் உடைமையாகக் கருதிய, 1860ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டத்தின் 497ஆம் பிரிவை உச்சநீதிமன்றம் நீக்கியது 2018இல்தான்.

பாட்டி காட்டிய வழி

இடைக்காலத்தில் நிற்பவர் ஜெயகாந்தன். கம்யூனிஸ்ட் கட்சியின் கம்யூனில் வளர்ந்து எழுத்தாளரானவர். 1963இல் வந்த 'யுகசந்தி'யில் கௌரிப் பாட்டி இளமையிலேயே கைம்பெண்ணாகித் தலைமழித்து வாழ்ந்தவள். பேத்தி கீதாவும் மணமான சில மாதங்களில் கணவனை இழக்கிறாள். படித்து நெய்வேலியில் ஆசிரியையாகிறாள், துணைக்குப் பாட்டி. உடன் பணிபுரியும் ஆசிரியரை மறுமணம் செய்துகொள்ள முடிவெடுத்த கீதாவின் கடிதத்தைப் பாட்டியே கடலூருக்குக் கொண்டு வருகிறாள். மகன் கொதிக்கிறான், பேத்தியைத் தலைமுழுகிவிடத் துணிகிறான். பாட்டி தன் ஆசாரங்களை விடவில்லை. ஆனால் பேத்தியின் பக்கம் போய்ச் சேர்கிறாள்.

இக்கதையில் கவனிக்க வேண்டியவை இரண்டு. கீதாவுக்குச் சம்பளம் இருந்தது. லூ சுன் கேட்ட பொருளாதார உரிமை அவள் கையில் இருந்தது. ஆயினும் அது மட்டும் போதவில்லை. ஒரு மனிதத் துணை தேவைப்பட்டது. அடுத்தது, அந்தத் துணை ஒரு புரட்சிக்காரரிடமிருந்து வரவில்லை. ஒடுக்குமுறையை உடம்பிலேயே சுமந்த, படிப்பில்லாத ஒரு மூதாட்டியிடமிருந்து வந்தது. ஆசாரம் மிக்கவள் என்று எவரையும் ஒதுக்கிவிட்டுப் பெண்களிடையே வேலை செய்ய முடியாது என்பதை மாதர் அமைப்பில் பணியாற்றும் தோழியர் அன்றாடம் அறிகிறார்கள்.

1966இல் வந்த 'அக்கினிப் பிரவேசம்' பெரும் சர்ச்சையைக் கிளப்பியது. மழை மாலையில் காரில் அழைத்துச் செல்லப்பட்டுச் சீரழிக்கப்பட்ட கல்லூரி மாணவியின் தலையில் தாய் நீரை ஊற்றி, நீ தூய்மையாகிவிட்டாய் என்று தேற்றுகிறாள். ஒரு குடம் நீரில் கற்பு மீளுமா என்று இதழ்களும் வாசகர்களும் கொந்தளித்தார்கள். பிறகு ஜெயகாந்தனே அதே இரவை வேறுவிதமாகத் தொடர்ந்து, 'சில நேரங்களில் சில மனிதர்கள்' நாவலை எழுதினார். அதில் தாய் அலறுகிறாள், ஊர் கூடுகிறது, பெண் வீட்டைவிட்டுத் துரத்தப்படுகிறாள். படித்து உயர்ந்த பணியில் அமர்ந்தும் அந்த இரவு அவளை விடுவதில்லை. குற்றம் ஒன்றே, வீட்டார் நடந்துகொண்ட விதம் ஒரு வாழ்வைக் காத்தது அல்லது அழித்தது. பொருளாதார அடித்தளம் மாறினால் எல்லாம் தானே மாறிவிடும் என்று காத்திருப்போருக்கு இந்த நாவல் தக்க மறுமொழி.

சீதம்மாவின் கதை

இதுவரை பேசப்பட்டவை இலக்கியவாதிகள் எழுதியவை. ஆந்திரத்தின் வரலாற்றை மாற்றிய ஒரு கதையை எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டிருந்த பெண்கள் படித்தார்கள். 1990களின் தொடக்கத்தில் நெல்லூர் மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடைபெற்றது. அறிவியல் இயக்கத் தொண்டர்களும் இடதுசாரி ஊழியர்களும் அதில் முன்னின்றார்கள். அதன் பாடநூலில் சீதம்மாவின் கதை என்று ஒரு பாடம் இருந்தது. குடியால் சீரழியும் ஊரில் சீதம்மா என்ற பெண் மற்ற பெண்களைத் திரட்டிச் சாராயக் கடையை மூடவைக்கும் எளிய கதை. இலக்கிய நயம் எதுவும் அதற்கு இல்லை.

துபகுண்டா என்ற சிற்றூரின் பெண்கள் அதைப் படித்தார்கள், விவாதித்தார்கள். அது தங்கள் ஊர்க் கதைதான் என்று கண்டார்கள். கதையில் நடந்ததைத் தங்கள் ஊரிலும் நடத்திக் காட்டினார்கள். ரோசம்மா என்னும் விவசாயக் கூலிப் பெண் அப்போராட்டத்தின் முகமானார். 1992இல் நெல்லூர் முழுவதும், பிறகு மாநிலம் முழுவதும் பெண்கள் சாராய ஏலங்களை மறித்தார்கள். 1993 அக்டோபர் முதல் நாள் ஆந்திரத்தில் சாராயம் தடைசெய்யப்பட்டது. 1995இல் முழு மதுவிலக்கு வந்தது. இரண்டே ஆண்டுகளில், 1997இல், மதுவிலக்கு பெருமளவு தளர்த்தப்பட்டது. கஜானாவின் தேவை பெண்களின் கோரிக்கையை வென்றது. ஆயினும் அந்தப் பெண்கள் செய்தது அழியவில்லை.

சாராயக் கடையை மறித்தவர்கள் உண்மையில் மறித்தது மணவாழ்வின் அன்றாட வன்முறையை. கூலி வீடு வந்து சேராததையும், இரவில் விழும் அடியையும் ஒவ்வொரு பெண்ணும் தன் தலையெழுத்து என்று எண்ணியிருந்தாள். கதை அவற்றை ஊரின் பொதுச் சிக்கலாக்கியது. ருக்மிணி தனியே குளத்தில் இறங்கினாள். அகலிகை தனியே கல்லானாள். மிருணாள் தனியே பூரிக்குப் போனாள். துபகுண்டாவில் எவரும் தனியே இல்லை. சீதை அகலிகையிடம் விட்டுச்சென்ற கேள்விக்குச் சீதம்மா தந்த விடை இதுதான்.

இன்றைய கணக்கு

தோழர்களே, கதைகள் முடிந்துவிட்டன. அவற்றின் சிக்கல்கள் முடியவில்லை. 2019–21ஆம் ஆண்டுகளின் ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, 20 முதல் 24 வயது வரையுள்ள பெண்களில் 18 வயதுக்கு முன்பே மணமானவர்கள் ஆந்திரத்தில் 29.3 சதவீதம், தமிழகத்தில் 12.8 சதவீதம், நாடு முழுவதும் 23.3 சதவீதம். 'கன்யாசுல்கம்' அச்சேறி ஒன்றேகால் நூற்றாண்டு ஆகிறது. 2019ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு, ஊதியமில்லாத வீட்டு வேலைகளில் ஈடுபடும் பெண்கள் அவற்றுக்கு நாளொன்றுக்கு 299 நிமிடங்களும், ஆண்கள் 97 நிமிடங்களும் செலவிடுவதாகக் கண்டது. ஐந்து மணி நேரத்தை அடுப்படியில் இழந்தவள் மாலை ஏழு மணிக் கிளைக் கூட்டத்துக்கு ஏன் வரவில்லை என்று கேட்பது எளிது.

சொத்துரிமையின் கதை இன்னும் கூர்மையானது. கூட்டுக்குடும்பச் சொத்தில் மகளுக்கும் சமபங்கு என்று ஆந்திரம் 1986இல் சட்டத் திருத்தம் கொண்டுவந்தது. தமிழகத்தில் 1989 முதல் அது நடைமுறையாயிற்று. இவை முன்னோடிச் சட்டங்கள். ஆயினும் அவற்றில், சட்டம் நடைமுறைக்கு வருமுன் மணமான மகள்களுக்கு அந்தப் பங்கு இல்லை. திருமணம் பெண்ணைப் பிறந்த வீட்டிலிருந்து வெளியேற்றிவிடுகிறது என்று சட்டமே ஒப்புக்கொண்டது. 2005ஆம் ஆண்டின் மத்தியச் சட்டத் திருத்தமே அந்த வேறுபாட்டை நீக்கியது. இன்றும் எத்தனை வீடுகளில் சீர் கொடுத்தாயிற்று என்று சொல்லித் தங்கையிடம் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கப்படுகிறது என்பதைத் தோழர்கள் அறிவார்கள். சொத்தைத் துறக்கும் அந்தத் தாளுக்கு 'விடுதலை' என்று பெயர் வைத்ததைவிடக் கசப்பான கேலி தமிழில் வேறில்லை.

இக்கதைகள் ஒரு கட்சி உறுப்பினரிடம் கேட்கும் கேள்விகள் சில உண்டு. மகளின் திருமணத்தில் வரதட்சணை மறுத்தவர், மகனின் திருமணத்தில் பெண்வீட்டார் விருப்பம் என்று சொல்லி ஏற்றுக்கொண்டாரா? தங்கையின் பங்கை அவள் கேட்காமலே கொடுத்தாரா? மாணவர் சங்கத்தில் முழங்கிய தோழி மணமான பின் கூட்டத்துக்கு வராமற்போனபோது, கிளை அவளைத் தேடிப் போனதா, அல்லது பெயரை நீக்கியதா? அவளை மணந்தவரும் தோழராகவே இருந்தால், வீட்டில் பிள்ளையை எவர் பார்த்துக்கொண்டார்? இவற்றுக்கான விடைகள் உறுப்பினர் புதுப்பித்தல் படிவத்தில் இடம்பெறுவதில்லை. ஆனால் ஊர் இவற்றைப் பார்த்துத்தான் கட்சியை அளக்கிறது.

1981இல் சென்னையில் அனைத்திந்திய ஜனநாயக மாதர் சங்கம் உருவானபோது ஜனநாயகம், சமத்துவம், பெண் விடுதலை என்ற மூன்று சொற்களைத் தன் முழக்கமாக ஏற்றது. அந்த வரிசைக்குப் பொருள் உண்டு. வீட்டுக்குள் ஜனநாயகம் இல்லாமல் வெளியே சமத்துவம் நிலைக்காது. இரண்டும் இல்லாமல் விடுதலை வெறும் சொல்.

குப்பம் பகுதியின் கிளைகளில் இக்கதைகளைத் தமிழிலும் தெலுங்கிலும் உரக்கப் படிக்கும் வழக்கம் தொடங்கட்டும். படிப்பவர் ஆணாக இருந்தால், கேட்போரில் அவர் வீட்டுப் பெண்களும் இருக்கட்டும். கதை முடிந்த பின் முதலில் பேசுவோர் அவர்களாக இருக்கட்டும். துபகுண்டாவில் ஒரு பாடநூல் கதை செய்த வேலையை, மூன்று மொழிகள் தெரிந்த இந்த மண்ணில் புதுமைப்பித்தனும் குரஜாடவும் வோல்காவும் செய்யாமல் போகமாட்டார்கள்.